மண் வீட்டுக்கு வைத்த கைரேகை

நம் வகுப்புக் கூட்டாளிகளின் செல்போன் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். மலைமேல் ஏதோ ஓய்வு விடுதி. மூலை உருண்ட மண் சுவர், தாழ்ந்த புல் கூரை, வாசலில் செம்மண் பூச்சு. கூலிக்காரர்கள் குடியிருந்த பழைய வீடுகளை அப்படியே பார்த்துக் கட்டினார்களாம். "பாரம்பரியம்னா இது" என்று அவள் எழுத, அதற்குக் கீழே நீங்கள் வரிசையாகக் கைதட்டியிருந்தீர்கள். பக்கத்து ஊரில் மிச்சமிருக்கும் நாலு கூலி வீடுகளைக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து டேப் பிடித்து அளந்துகொண்டு போனதாக இன்னொருவன் எழுதியிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வயதில் என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். பொறாமையில் எனக்குச் சின்ன வயசிலிருந்தே நல்ல தேர்ச்சி. கணக்கில் கோட்டை விட்டிருக்கிறேன், இதில் விட்டதில்லை. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் நான் பட்ட பொறாமையை இதுவரை உங்களில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டிருந்தால் அதைக் கெடுத்துக்கொள்ள இது நல்ல சந்தர்ப்பம்.

எங்கள் வீடு இண்டூருக்கு அந்தப்பக்கம், ஒரு மாந்தோப்பின் ஓரத்தில் இருந்தது. தோப்பில் வேலை செய்கிற குடும்பங்களுக்காகப் புறம்போக்கில் ஐந்து வீடுகள், ஒரே நீளக் கூரையின் கீழ். கடைசி வீடு அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அதற்கு முந்தையது எங்களுடையது. நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தச் சுவரில் இரண்டு பக்கமும் திறந்த ஒரு மாடம் உண்டு. அதில் ஒரு விளக்கு வைத்தால் இரண்டு வீட்டுக்கும் வெளிச்சம். சீமெண்ணெய் ஒரு நாள் எங்களுடையது, மறுநாள் அவர்களுடையது. அந்த மாடத்தின் வழியாக நானும் அத்தை மகளும் புளியங்காய் மாற்றிக்கொள்வோம், சண்டை போட்டால் துப்பிக்கொள்வோம். ஒரே வயது, ஒரே வகுப்பு. அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நான் கடகடவென்று படிப்பேன். எங்கள் இரண்டு வீட்டிலும் வேறு யாருக்கும் எழுத்து தெரியாது.

சுவர்களை வைத்தவள் அம்மா. அப்பா மண் சுமந்தார், கல் அடுக்கினார், ஆனால் சுவர் அம்மாவின் கைவேலை. அடியில் முழங்கால் உயரத்துக்குக் கருங்கல். அதன்மேல் ஏரி வண்டலும் செம்மண்ணும் கலந்து, கேழ்வரகுத் தாளை நறுக்கிப் போட்டு, காலால் மிதித்து, மூன்று நாள் புளிக்கவிட்ட மண். ஒரு முழ உயரம் வைத்தால் அது காய்கிற வரை அடுத்த வரிசை வைக்கக் கூடாது. அவசரப்பட்டால் மழைக்குச் சுவர் வயிறு தள்ளிவிடும். கனம் என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை இருக்கும். மூலைகள் எல்லாம் உருண்டை, தலைச்சுமையோடு வருகிறவர்கள் இடித்தாலும் உதிராது. சுவரில் மழை படாமலிருக்கக் கூரையை மார்பளவுக்கு இறக்கியிருந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதரானாலும் குனிந்துதான் உள்ளே வர வேண்டும்.

அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் இதையெல்லாம் அளந்து எழுதியிருப்பார்கள். தேளை அளந்திருக்க மாட்டார்கள். ஒன்பது வயதில் கூரையிலிருந்து விழுந்த தேள் என் மணிக்கட்டில் கொட்டி இரண்டு நாள் கை வீங்கிக் கிடந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை, மேலே பார்த்தால் மொழுக்கென்று சிமென்ட் தெரிய வேண்டும். அதன்மேல் ஏறினால் மொட்டை மாடி இருக்க வேண்டும்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது, பாப்பாரப்பட்டி போகிற ரோட்டோரம் தொகுப்பு வீடு கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அரசாங்கம் கூலிக்காரர்களுக்குக் கட்டிக் கொடுக்கிற சிமென்ட் வீடு. யார் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆபீசர் நேரில் வரப்போவதாக மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், டீக்கடையில் கேட்டு வந்து சொன்னார்.

அவ்வளவுதான், அம்மாவுக்குக் கையும் காலும் நிற்கவில்லை. ஆபீசர் வீட்டுக்கு வருகிறார் என்றால் என்ன செய்வார்கள்? உங்கள் அம்மாக்கள் என்ன செய்திருப்பார்களோ அதையேதான் செய்தாள். சந்தை நாளில்கூட வேலைக்குப் போகாமல் சுவர் முழுக்கப் புதுப் பூச்சு பூசினாள். கற்றாழைச் சாறு ஊறிய தண்ணீரில் மண்ணைக் குழைத்து, உள்ளங்கையால் அரைவட்டம் அரைவட்டமாக இழுத்துத் தேய்த்தாள். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு, இடுப்புக்குக் கீழே செம்மண், தரையோரம் கரிப்பட்டை. தரையில் சாணத்தோடு கரித்தூள் சேர்த்து மெழுகியதில், காய்ந்தபின் கறுப்புக் கண்ணாடி போல முகம் தெரிந்தது. கூரையில் நைந்த இடத்தையெல்லாம் அப்பாவை ஏற்றிப் புதுப்புல் சொருகச் சொன்னாள்.

அத்தை வெளியே உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள்.

"எதுக்கு புள்ள இம்புட்டு பாடு? கெட்ட வூடா இருந்தாத்தான வேற வூடு குடுப்பாங்க?"

"வர்ற மனுசங்க கால் வெக்கிற எடம் அண்ணி. மொழுகாம போட்டு வெக்கறதுங்களா?"

"சொல்றத சொல்லிட்டேன், அப்பறம் என்னய கேக்காத."

அத்தை சூழ்ச்சிக்காரி என்று நான் முப்பது வருஷம் நம்பியிருந்தேன். இன்று யோசித்தால், அவள் அன்று வாய் திறந்து சொல்லத்தான் செய்திருக்கிறாள். காதில் வாங்காதவர்கள் நாங்கள்.

ஆபீசர் ஜீப்பில் வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். குனிந்து உள்ளே வந்தவர் நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மாடத்தைக் குனிந்து பார்த்து, அந்தப் பக்கம் தெரிந்த அத்தை மகளின் மூக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரும்மா செவுரு வெச்சது?"

"நாந்தாங்க."

"நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். நீளமான நோட்டில் எழுதினார். நான் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். அடுத்ததாக அத்தை வீட்டுக்குப் போனார். அங்கே மேலே ஓட்டை, தரையில் கோழி, சுவர் பாதிக்கு எலிப்பொந்து.

ஜீப் போனதும் அம்மா என்னிடம் கேட்டாள், "என்ன சாமி எழுதினாரு?"

"சுவர்கள் உறுதி. கூரை நன்று. வீடு நல்ல நிலையில் உள்ளது."

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். அன்று ராகி இடித்துக்கொண்டே இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னாள். தோப்பில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் "கவருமெண்டு நோட்டுலயே எழுதிட்டாங்க" என்று சொல்லித் திரிந்தாள். முகம் அப்படி மலர்ந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ஒரு மாதத்தில் பட்டியல் வந்தது. அத்தைக்கு வீடு. எங்களுக்கு இல்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். "சாணியும் செம்மண்ணும் அப்பி அப்பி, வந்த வூட்டத் தொரத்திட்டா பாரு!" என்று ஐந்து வீட்டுக்கும் கேட்கக் கத்தினார். எனக்கு அம்மாமேல் வந்த ஆத்திரத்தைவிட அத்தை மகள்மேல் வந்ததுதான் அதிகம்.

தொகுப்பு வீடு கிடைத்தவர்கள் பழைய வீட்டை இடித்துவிட வேண்டும், வேறு யாரும் குடியேறக் கூடாது என்பது விதி. அத்தை வீட்டை மாமாவே அரை நாளில் இடித்துத் தள்ளினார். எங்கள் பக்கத்துச் சுவரை மட்டும் விட்டார்கள். அது இப்போது வெளிச்சுவர். அம்மா மாடத்தை மண் வைத்து அடைத்து, வெளிப்பக்கமும் பூசினாள்.

புது வீட்டைப் பார்க்க நான் போகமாட்டேன் என்று மூன்று நாள் அடம்பிடித்து, நாலாம் நாள் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். சிமென்ட் தரை. அத்தை மகள் அதில் குப்புறப் படுத்து, சாக்பீஸால் தரையிலேயே கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். தப்பானால் ஈரத்துணியால் ஒரே துடைப்பு. பூ வடிவத்தில் ஓட்டை வைத்த சிமென்ட் ஜன்னல் வழியாக வெயில் பூப்பூவாக அவள் முதுகில் விழுந்தது. கதவில் சிவப்புப் பெயிண்டில் நம்பர். அவள் பேசினால் வீடு 'ஙொய்ங்' என்று திருப்பிப் பேசியது. ஏணி வைத்து மொட்டை மாடிக்கு ஏறி, கையை இடுப்பில் வைத்து நின்று, "இங்கிருந்து பாத்தா உங்க கூர தெரியுது" என்றாள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். என் கண்ணுக்கு மட்டும் சக்தி இருந்திருந்தால் அந்த வீடு அன்றே விரிசல் விட்டிருக்கும். அவள் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக் கிணற்றில் போட்டேன். 'தொகுப்பு வீட்டுச் சுவர் மழையில் வியர்க்கும், அதில் படுத்தால் இளைப்பு நோய் வரும்' என்று வகுப்பில் கதை கட்டிவிட்டேன். அதை நம்பி உங்களில் சிலர் அவள் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

சித்திரை வந்தது. சிமென்ட் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை வீட்டுக்குள் கக்கியது. அத்தையும் மகளும் மதியமானால் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத் தூங்க வந்துவிடுவார்கள். அம்மா முறத்தால் விசிறிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பாள். அத்தை மகள் எங்கள் கறுப்புத் தரையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, "அத்தே, உங்க வூடு ஏரிக்குள்ள இருக்கற மாரி இருக்குது" என்பாள். எங்கள் அம்மா அவளுக்கும் அத்தை முறைதான். என்னைக் கூப்பிடுகிற மாதிரியே 'சாமி' என்று அம்மா அவள் தலையைக் கோதுவாள். அதற்கும் எனக்கு எரிந்தது. மாடியும் அவளுக்கு, குளிர்ச்சியும் அவளுக்கு, அம்மாவும் அவளுக்கா?

"அவங்கவங்க வூட்டுலயே படுத்துக்கலாமில்ல?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். அம்மா முறத்தால் முதுகில் ஒன்று வைத்தாள்.

அடுத்த வருஷம் இரண்டாவது பட்டியலுக்கு எழுதினார்கள். இந்தத் தடவை வீடு பெண்கள் பெயரில்தான். வீட்டைப் பார்க்க ஆபீசர் வரவில்லை. குடியிருக்கிறவர்களே தங்கள் வீட்டின் நிலையைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். அப்பா கரும்பு வெட்டுக்கு வெளியூர் போயிருந்தார். சைக்கிளில் வந்த கிளார்க்குக்கு இன்னும் இருபது வீடு பாக்கி. நான் பள்ளிப் பாவாடையில் நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி.

"படிக்கத் தெரியுமாம்மா? அம்மாவுக்குப் படிச்சிக் காட்டி ரேகை வாங்கி வையி. திரும்பறப்ப வாங்கிக்கிறேன்."

ரப்பர் ஸ்டாம்ப் மை டப்பாவையும் காகிதத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அம்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் முதலில் மனசுக்குள் படித்தேன். 'நான் குடியிருக்கும் மண் வீடு மிகவும் பழுதடைந்து மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற நிலையில் உள்ளது. புதிய வீடு வழங்கப்பட்டதும் இதை இடித்து அப்புறப்படுத்தச் சம்மதிக்கிறேன்.' கீழே அம்மாவின் பெயர். இதை அப்படியே படித்தால் அவள் ரேகை வைக்கமாட்டாள். எனக்கு அது சூரியன் கிழக்கே உதிப்பது போலத் தெரியும். 'நல்ல நிலையில் உள்ளது' என்பதை மூன்று தடவை கேட்டவள் அவள்.

"என்ன போட்டிருக்குது சாமி?"

"நான் குடியிருக்கும் மண் வீடு நல்ல நிலையில் உள்ளது" என்று தொடங்கினேன். குரல்கூட நடுங்கவில்லை. "பிள்ளைகள் பெரியவர்கள் ஆவதால் இன்னொரு வீடும் தேவைப்படுகிறது."

அம்மா விறகைக் கீழே வைத்தாள். "அந்த அய்யா எழுதினதயே இதுலயும் எழுதிட்டாங்களா?" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "உங்க அத்தைய இடிக்கச் சொன்னாங்களே. அந்த மாரி இடிக்கணும்னு ஏதாச்சும் கீழ போட்டிருக்குதா பாரு" என்றாள்.

நான் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடுவது போலப் பாவனை செய்தேன்.

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப சரி. இத ராகி கொட்டி வெக்க, ஆடு கட்ட வெச்சிக்கலாம். கோடையில வந்து படுத்துக்கலாம்" என்றாள். பெருவிரலை நானே பிடித்து மையில் அமுக்கிக் காகிதத்தில் வைத்தேன். மண்ணில் தேய்ந்த விரல், ரேகை சரியாக விழவில்லை. இரண்டாவது தடவை அழுத்தி வைத்தோம்.

அத்தை வீட்டுக்கு அடுத்த வீடே எங்களுக்குக் கிடைத்தது. பொங்கலுக்கு முன்னால் பால் காய்ச்சினோம். கதவில் சிவப்பு நம்பர், பூ ஓட்டை ஜன்னல், எல்லாம் வந்துவிட்டது. நான் மொட்டை மாடியில் ஏறி நின்று அத்தை மகளைப் பார்த்துக் கையை இடுப்பில் வைத்தேன். அவள் கவலையே படவில்லை. "ஹை, இனிமே மாடியிலருந்தே பேசிக்கலாம்!" என்றாள். அவளுக்குப் பொறாமைப்படவும் தெரியாது.

மூன்றாம் நாள் கிளார்க்கும், கடப்பாரையோடு இரண்டு ஆட்களும் பழைய வீட்டுக்கு வந்தார்கள். அம்மா அங்கேதான் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். நானும் கூட இருந்தேன்.

"இத எதுக்குங்க இடிக்கிறீங்க? நல்ல நெலமையில இருக்குதுன்னு எழுதித்தானங்க ரேக வெச்சேன்?"

கிளார்க் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, காது மந்தமானவருக்குப் படிப்பது போல, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் படித்தார். 'தகுதியற்ற' என்ற இடத்தில் அம்மாவின் தலை என் பக்கம் திரும்பியது. அவர் படித்து முடிக்கிற வரை அது திரும்பியபடியே இருந்தது.

"இது என்னோட ரேகதானுங்களா?"

"உன்னோடதுதாம்மா. ரெண்டு தடவ வெச்சிருக்க பாரு."

அம்மா ஆட்டை அவிழ்த்தாள். உள்ளே போய் முறம், உலக்கை, ராகி மூட்டை என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். நான் தூக்க வந்தபோது என் கையை விலக்கிவிட்டு அவளே தூக்கினாள். திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. முறத்தைக்கூட ஓங்கவில்லை. தலையில் மூட்டையோடு ரோட்டைப் பார்த்து நடந்தவள், இடிக்கிற சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூரை ஒரு மணி நேரத்தில் இறங்கியது. சுவர்தான் இறங்கவில்லை. கடப்பாரை போட்டால் கட்டிகூட விழாமல் கை அதிர்ந்து திரும்பியது. "இன்னாடா மண்ணு இது, கருங்கல்லாட்டம்!" என்று ஒருவன் கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். கடைசியில் ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து சுவருக்கு மேலே ஊற்றி, ஊறவிட்டுப் போய், மறுநாள் வந்து இடித்தார்கள். அப்பா கரும்பு வெட்டு முடிந்து வந்தபோது குட்டையாக மண்மேடுதான் இருந்தது. சிமென்ட் வீட்டைப் பார்த்துப் பூரித்துப்போய், "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே ஒனக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்கப்புறமும் எனக்குச் சோறு போட்டாள், தலை பின்னினாள், காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். 'சாமி' என்றுதான் கூப்பிட்டாள். மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெங்களூரில் வேலை செய்த என் தாய்மாமனிடமிருந்து இன்லண்ட் கடிதம் வந்தது. மாமன் கடிதம் என்றால் அம்மாவுக்கு உயிர். படிப்பது எப்போதும் நான்தான். ஒரு கடிதத்தை நாலு நாளைக்கு வைத்துப் படிக்கச் சொல்வாள். தபால்காரரிடம் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓரத்தைக் கிழிக்கப் போனபோது அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"சாமி, இதக் கொஞ்சம் படிச்சி சொல்லு" என்று அத்தை மகளிடம் கேட்பது என் காதில் விழுந்தது.

அதிலிருந்து அம்மா சாகிற வரைக்கும் அப்படித்தான். ரேஷன் கார்டு, ஓட்டுச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் அங்கே போகும். அத்தை மகள் கல்யாணமாகிப் போனபின், அவள் ஊருக்கு வரும் நாளுக்காக அம்மா காகிதங்களை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக் காத்திருப்பாள். நான் கல்லூரி முடித்துவிட்டு அதே வீட்டில், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். படம் போட்டவளே, கைதட்டியவர்களே, நீங்கள் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவீர்களோ தெரியாது. நான் இன்றைக்கும் அத்தை மகளைப் பார்த்துத்தான் படுகிறேன்.

மாமன் கடிதம் வந்த அந்த முதல் நாள், எங்கள் சிமென்ட் தரையில், ஜன்னல் பூ வெயிலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, 'சௌக்கியம்' என்பதை இரண்டு தடவை தப்பாகச் சொல்லிப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒவ்வொரு வரிக்கும் "உம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.